வீட்டில் கட்டிய செவன்: பணமும் நேரமும் போன இடங்கள்

நானே கட்டிய, லோட்டஸ் செவனின் நகலான காருக்குப் பதிவெண் வந்துவிட்டது. கியூ என்ற எழுத்தில் தொடங்கும் எண். எந்த ஆண்டின் வண்டி என்று சொல்ல முடியாத, பல இடத்துப் பாகங்களால் ஆன வாகனங்களுக்கு பிரிட்டனில் கொடுப்பது. அந்த எண்ணை எடுத்துவிட்டு ஆசைப்பட்ட எண்ணை மாட்டிக்கொள்ள முடியாது. விற்கப் போனால் விலையும் கொஞ்சம் இறங்கும். ஓட்டுவதற்கு அது தடையில்லை என்பதால் எனக்குக் கவலையில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வீட்டை ஒட்டிய கொட்டகையில், இரண்டரை மீட்டர் அகலத்துக்குள் சில குளிர்காலங்கள் இதற்குப் போயின. பணமும் நேரமும் நான் எதிர்பார்த்த இடங்களில் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நகலெடுத்தது லோட்டஸ் செவன். 1957-இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் வெளியிட்ட, கதவும் கூரையும் இல்லாத, ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள வண்டி. அந்தக் காலத்தில் உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கொள்முதல் வரி கிடையாது என்பதால் பலர் அப்படித்தான் வாங்கினார்கள். 1973-இல் அதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. இன்றும் அவர்கள் அதைத் தயாரிக்கிறார்கள். ஆகவே என் வண்டியில் யாருடைய சின்னமும் இல்லை. வீட்டில் கட்டுபவர்கள் இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் எளிது. குழாய்கள் எல்லாம் நேர்க்கோடு, தகடுகள் பெரும்பாலும் தட்டை. வளைந்தவை மூக்கும் நான்கு சக்கர மறைப்புகளும்தான். அவற்றைக் கண்ணாடியிழையில் வார்த்து விற்கிறார்கள். ஃபெராரி நகல் கட்டப் புறப்பட்டவர்கள் பாதி உடலோடு கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போன கதைகள் நிறைய உண்டு. செவன் நகல்கள் பெரும்பாலும் சாலைக்கு வந்துவிடுகின்றன.

1990களின் நடுவில், 250 பவுண்டுக்குள் இதைக் கட்டலாம் என்று ஒரு கையேடு வந்து பெரும் அலையைக் கிளப்பியது. அதில் எஞ்சினும் அச்சும் பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. இன்று அந்த எஸ்கார்ட்டே சேகரிப்பாளர்களின் பொருளாகி விலை ஏறிவிட்டது. இப்போது பெரும்பாலானோர் போவது மாஸ்டா எம்எக்ஸ்-5 பக்கம். நானும் அங்கேதான் போனேன்.

டோனர் வண்டி

பாகங்களைத் தானமாகத் தரும் பழைய வண்டியை டோனர் என்பார்கள். என்னுடையது முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர், 600 பவுண்டு. கதவுக்குக் கீழே ஓடும் சட்டங்கள் இரண்டும் துருவேறி இற்றுப்போய், ஆண்டுச் சோதனையில் தோற்ற வண்டி. இந்த மாடலின் தீராத நோய் அது. நமக்கோ உடல் வேண்டியதில்லை. எஞ்சின், கியர்பெட்டி, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், நான்கு மூலைகளிலும் சக்கரம் பூட்டும் ஹப், பிரேக், ஸ்டீயரிங், வயரிங் போதும். எஞ்சின் நீளவாக்கில் நிற்கிறது, பின்சக்கர ஓட்டம், நான்கு பக்கமும் இரட்டை விஷ்போன், அதாவது ஹப்பை மேலும் கீழும் பிடிக்கும் முக்கோணக் கைகள். செவனுக்கு அளவெடுத்தது போல இருக்கிறது.

பாகம் பாகமாக வாங்காமல் ஓடுகிற முழு வண்டியாக வாங்கியது நான் செய்த நல்ல காரியங்களில் முதலாவது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு வாங்கலாம். கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதன் சென்சார்களும் ஒன்றையொன்று அறிந்தவையாக இருக்கும். அதைவிட, எந்தக் கடையிலும் தனியாகக் கிடைக்காத நூறு சின்ன போல்ட்டுகளும் பிடிப்பான்களும் டப்பா டப்பாவாகச் சேரும். மிச்சமான கதவுகள், இருக்கைகள், விளக்குகள், துணிக்கூரைச் சட்டம் இவற்றை விற்றதில் 430 பவுண்டு திரும்பியது. எஞ்சின் தரையில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் தட்டு நான்கையும் மாற்றிவிட வேண்டும். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குள் இறங்கிய பிறகு அதே வேலைக்கு நான்கு மடங்கு முதுகு வலிக்கும்.

வயரிங்கைக் கழற்றும்போது ஒவ்வொரு இணைப்பிலும் காகித டேப் ஒட்டிப் பேனாவால் எழுதினேன். கொட்டகையின் ஈரத்திலும் எண்ணெய்க் கையிலும் பாதி எழுத்து கரைந்துவிட்டது. எண் அச்சிட்ட பிளாஸ்டிக் வளையங்கள் ஒரு பெட்டி சில பவுண்டுதான்.

சேஸிஸ்

எல்லோரும் பயப்படுவது இதற்கு. உண்மையில் இதுதான் மலிவு, மகிழ்ச்சியான கட்டமும்கூட. 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், சுவர்த் தடிப்பு 1.6 மில்லிமீட்டர். இரும்புக் கடையில் ஏழரை மீட்டர் நீளமாக வருவதைப் பாதியாக வெட்டித் தரச் சொன்னேன். குழாய், தகடு, விஷ்போனுக்கான உருளைக் குழாய் எல்லாம் சேர்த்து 310 பவுண்டு. கம்பியைத் தானே ஊட்டிப் பற்றவைக்கும் பழைய மிக் வெல்டிங் இயந்திரம் 180. ஆர்கான் கலவை வாயு, கம்பி, கையுறை வகையில் 140.

கம்பி 0.6 மில்லிமீட்டர். 0.8 போட்டால் இந்தத் தடிப்புக் குழாயில் சூடு கூடி ஓட்டை விழுகிறது. ஓட்டைக்கு இன்னொரு காரணம் இடைவெளி. இரண்டு குழாய் சேரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் அதை நிரப்பப் பார்க்காதீர்கள், குழாயைத் திரும்ப வெட்டுங்கள். ஆங்கிள் கிரைண்டரில் ஒரு மில்லிமீட்டர் தகட்டால் வெட்டி, அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்துப் பார்த்துப் பொருத்தும் வேலைதான் முக்கால் பங்கு. பற்றவைப்பது கடைசிக் கால் பங்கு.

அசல் குழாயைத் தொடும் முன் துண்டுகளில் பழகினேன். மேலே அழகாக மீன்செதில் போலப் படிந்திருந்த ஒரு இணைப்பை ஹாக்சாவால் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தை நுண்ணரத்தால் வழவழப்பாக்கிப் பார்த்தேன். வெல்டுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே முடி போல ஒரு கறுப்புக் கோடு. உள்ளே ஒட்டவே இல்லை. மேலே உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆம்பியரைக் கூட்டி, துருப்பாதுகாப்பு எண்ணெயை அசிட்டோனால் துடைத்து, உலோகம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்த பிறகு அந்தக் கோடு மறைந்தது. அதன்பின் ஒவ்வொரு மாலையும் வேலை தொடங்கும் முன் ஒரு துண்டை ஒட்டி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் மடக்கிப் பார்ப்பேன். குழாய் கிழிய வேண்டும், வெல்டு கிழியக் கூடாது.

மட்டம் பார்த்த மேசையில் ஒட்டுப்பலகை இரண்டைச் சேர்த்துத் திருகி, முழு அளவுப் படத்தை அதன் மேலேயே வரைந்தேன். கோட்டின் இருபுறமும் மரக்கட்டைகளைத் திருகி, நடுவில் குழாயைப் படுக்கவைத்து, முதலில் எல்லா இணைப்புக்கும் புள்ளி வெல்டு மட்டும். மூலைவிட்டம் இரண்டும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போயின. அந்தச் சந்தோஷத்தில் முன்மூலையில் ஆரம்பித்து ஒரே பக்கமாகப் பின்னால்வரை முழு வெல்டு ஓட்டினேன். இரும்பு ஆறும்போது சுருங்கும். சுருங்கும் பக்கம் இழுக்கும். முன்பக்க மூலை ஒன்று பலகையை விட்டு நான்கு மில்லிமீட்டர் எழும்பி நின்றது. இரண்டு இணைப்புகளைக் கிரைண்டரால் திறந்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, திரும்பப் புள்ளி வைத்தேன். பிறகு ஒரு இணைப்பு இடது முன், அடுத்தது வலது பின் என்று குறுக்கே தாவித் தாவி முடித்தேன். இறுதியில் முழு நீளத்துக்கும் கோணல் ஒன்றரை மில்லிமீட்டர். வீட்டு வேலைக்கு இது போதும். ஸ்பேனர் நுழையும் இடங்களை மட்டும் இன்னும் நன்றாக யோசித்திருக்கலாம்.

முன்சக்கரமும் ஸ்டீயரிங்கும்

இங்கேதான் ஒரு குளிர்காலம் கரைந்தது. விஷ்போன்களை நானே செய்தேன். இடது வலது மாறாமல் இருக்க ஒரே தகட்டில் முளை அடித்த அச்சு. எம்எக்ஸ்-5 ஹப், எம்எக்ஸ்-5 ஸ்டீயரிங் ராக் (ஸ்டீயரிங் திரும்பும்போது இடம் வலமாக நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் குறுக்குத் தண்டு). எல்லாம் பொருந்தியது. சக்கரத்தைக் கையால் ஏற்றி இறக்கிப் பார்த்தால் கண்ணுக்கே தெரிந்தது: ஏறும்போது சக்கரத்தின் முன்விளிம்பு வெளியே திரும்புகிறது. ஸ்டீயரிங்கைத் தொடாமலே வண்டி திசை மாறும் என்று பொருள். மேடுபள்ளச் சாலையில் அது ஆபத்து.

அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கின் மேல் தட்டையான ஒரு பலகையைச் சக்கர நட்டுகளால் இறுக்கினேன். அதன் முன்னும் பின்னும் 500 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள். தரையில் நிலையாக நிற்கும் இரும்புக் கோணம் ஒன்றிலிருந்து இரண்டு புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். ஹப்புக்கு அடியில் ஜாக்கி. பத்துப் பத்து மில்லிமீட்டராக ஏற்றி ஒவ்வொரு நிலையிலும் இரண்டு அளவையும் குறித்தேன். 60 மில்லிமீட்டர் ஏற்றத்தில் முன்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டர். கிராஃப் தாளில் போட்டால் கோடு நேராகச் சரிந்தது. சரிவு நேராக இருந்தால் ராக்கின் உயரம் தவறு. வில்லாக வளைந்தால் அதன் நீளம் தவறு. என்னுடையது உயரம். அச்சுக்கு முன்னால் இருக்கும் இந்த ராக்கை 12 மில்லிமீட்டர் கூடுதல் உயரத்தில் பற்றவைத்திருந்தேன்.

மிகத் திடமாக, நான்கு பக்கமும் வெல்டு போட்டுப் பெருமையோடு முடித்த தாங்கி அது. அதை அறுத்தெடுக்க ஒரு மாலை முழுக்க ஆனது. புதிய தாங்கியில் நீள்துளை போட்டு, இடையில் ஒரு மில்லிமீட்டர் தகடுகளை அடுக்கி, ஏற்றி இறக்கிச் சரிபார்க்கும்படி வைத்தேன். கடைசியில் மேலும் கீழும் 40 மில்லிமீட்டர் பயணத்துக்கு அரை மில்லிமீட்டருக்குள் வந்தது. அளந்து முடிக்கும்வரை ராக் தாங்கியை இரண்டு கிளாம்ப் மட்டுமே பிடித்திருக்க வேண்டும், வெல்டு அப்புறம். நான் பார்த்துக் கட்டிய புத்தகப் படத்தின் அளவு வேறொரு வண்டியின் ஹப்புக்கு வரைந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட் 480 பவுண்டு. இதில் சிக்கனம் பார்க்கவில்லை. புஷ்கள் 90.

எஞ்சினை இறக்குவது

எம்எக்ஸ்-5-இல் கியர்பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. செவனின் நடுச்சுரங்கத்தில் அதற்கு இடமில்லை. அதை விட்டுவிட்டால் கியர்பெட்டியின் வாலுக்கும் டிஃபரன்ஷியலின் மூக்குக்கும் தனித்தனியே தாங்கி செய்ய வேண்டும். டிஃபரன்ஷியல் மூக்கு ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் மேலே எழும்பப் பார்க்கும். அங்கே மூன்று மில்லிமீட்டர் தகடு போதாது; ஐந்து போட்டேன்.

கியர்பெட்டியிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் தண்டைச் சுருக்கி, சமநிலை பார்த்துத் தர ஒரு பட்டறையில் 140 பவுண்டு. வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும் நிலையில் நீளத்தை அளக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கும்போது அல்ல. தண்டு முனையின் பல்வரிசை கியர்பெட்டிக்குள் முழுக்கப் போன நிலையிலிருந்து 20 மில்லிமீட்டர் வெளியே இழுத்துவிட்டு அளவெடுத்தேன். இது முதல் முறையே சரியாக அமைந்தது.

ரேடியேட்டர் ஃபோக்ஸ்வாகன் போலோவுடையது. செவன் மூக்குக்குள் அடங்கும் அளவு என்பதால் இந்தக் கூட்டத்தில் எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். ஹீட்டரை எடுத்துவிட்டேன் என்பதற்காக எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து ஹீட்டருக்குப் போகும் தண்ணீர்ப் பாதையை அடைத்துவிடக் கூடாது. ஒரு குழாயால் சுற்றி இணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் சுழலாமல் பின்சிலிண்டர் பக்கம் கொதிக்கும். இதை முன்பே படித்துத் தெரிந்துகொண்டதால் தப்பித்தேன்.

பிரேக்

செவனின் பெடல் பகுதியில் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் வெற்றிட சர்வோவுக்கு இடம் கிடையாது. அதை நீக்கினால் மிதி கல்லாகிவிடுகிறது. மிதியை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் எம்எக்ஸ்-5 மாஸ்டர் சிலிண்டரை அளந்தபோது உள்விட்டம் 22.2 மில்லிமீட்டர். 19 மில்லிமீட்டர் விட்டமுள்ளதை வாங்கி மாட்டினேன். அதே மிதிக்கு அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடும். பதிலுக்கு மிதி கூடுதல் தூரம் போகும். 600 கிலோ வண்டிக்கு அது சரியாகவே இருக்கிறது.

குழாய் குனிஃபர் என்னும் செம்பு நிக்கல் கலவை, 4.75 மில்லிமீட்டர். தூய செம்பைவிட வலு அதிகம், எஃகைப் போலத் துரு ஏறாது, கையாலேயே வளைக்கலாம். முனையை விரிக்கும் கருவியில் கஞ்சத்தனம் காட்டினேன். இருபது பவுண்டுக்கு வாங்கிய கைக்கருவி ஒவ்வொரு முனையையும் சற்றுக் கோணலாக விரித்தது. ஒவ்வொரு கோணலும் ஒரு கசிவு. வைஸில் பிடிக்கும் கனமான கருவியை ஒருவரிடம் இரவல் வாங்கிய அன்றே எல்லா முனைகளும் முடிந்துவிட்டன. முனையை விரிக்கும் முன் நட்டை மாட்ட மறப்பது இந்தத் தொழிலின் பழைய நகைச்சுவை. அதில் எனக்கும் பங்குண்டு.

பிரேக் குழாய்களிலிருந்து காற்று நீக்கும்போது மகள் பெடலில் உட்கார்ந்தாள். "மிதி", "பிடி", "விடு" என்ற மூன்று சொற்களைத் தவிர அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு பேச்சில்லை. பிரேக் வகையில் மொத்தம் 330 பவுண்டு.

தகடு

அலுமினியம் 1.2 மில்லிமீட்டர், 150 பவுண்டு. ஒரு மில்லிமீட்டர் வாங்கினால் முழங்கை பட்டாலே நெளியும். பக்கத்துத் தெருவில் தகட்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓட்டுநருக்கு முன்னே வரும் வளைந்த தகட்டை எப்படி மடக்குவது என்று கேட்டேன். கழிவுநீர்க் குழாய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொட்டகைச் சுவரோடு கட்டி, அதன் மேல் தகட்டை வைத்து, உள்ளங்கையால் தடவித் தடவியே வளைத்தார். சுத்தியலை எடுக்கவிடவே இல்லை. அடித்தால் தகடு நீளும், நீண்டால் திரும்பச் சுருங்காது என்பது அவர் கட்சி.

ரிவெட் 3.2 மில்லிமீட்டர், 60 மில்லிமீட்டருக்கு ஒன்று. துளையெல்லாம் போட்டு, தற்காலிகப் பிடிப்பூசிகளால் தகட்டை முழுக்க நிறுத்திப் பார்த்து, கழற்றி, பிசிறு நீக்கி, பிறகுதான் பாலியூரிதேன் பசையும் ரிவெட்டும். அலுமினியமும் எஃகும் நேராகத் தொட்டால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கும். பெயின்டும் பசையும் நடுவில் இருந்தால் கவலையில்லை. பசை காயும் முன் கையில் பட்டது ஒரு வாரத்துக்குப் போகாது. அலுவலகத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கு முன்பே சேஸிஸைப் பவுடர் கோட்டிங்குக்கு, அதாவது பெயின்ட் பொடியைச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சுக்கு அனுப்பி 200 பவுண்டு கொடுத்தேன். கறுப்பாகப் பளபளவென்று வந்தது. அவசரப்பட்டுவிட்டேன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

சோதனை

பிரிட்டனில் வீட்டில் கட்டிய காரைச் சாலைக்குக் கொண்டுவர ஐ.வி.ஏ. என்ற தனிநபர் வாகனங்களுக்கான, ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியே பார்க்கும் அங்கீகாரச் சோதனை வேண்டும். கார்களுக்கு 2009-இல் பழைய எஸ்.வி.ஏ. சோதனைக்குப் பதிலாக வந்தது. அதன் கையேடு யாரும் படிக்கும்படி இலவசமாகக் கிடைக்கிறது. நான் அதைத் தகடெல்லாம் அடித்த பிறகு நிதானமாகப் படித்தேன். அதுதான் இந்த வண்டியின் உண்மையான வரைபடம் என்று இப்போது சொல்வேன்.

வெளிப்பக்கத்தில் கை கால் படக்கூடிய எந்த விளிம்பும் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து ஒன்றை வண்டியின் மேல் உருட்டினால் அது தொடுகிற இடமெல்லாம் இந்த விதிக்குள் வரும். செவனில் முன் விஷ்போன் முழுவதும் வெட்டவெளியில் நிற்கிறது. அங்கே உள்ள ஒவ்வொரு நட்டும் போல்ட் தலையும் குற்றவாளி. பிளாஸ்டிக் தொப்பிகளை மூட்டையாக வாங்கினேன். சக்கர மறைப்பின் விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை. விளக்குத் தாங்கியின் மூலைகளை அரத்தால் உருட்டினேன். தோள் பெல்ட்டின் மேல் பிடிப்பு இருக்கைக்கு மேல் 450 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இருக்கைக்குப் பின்னால் நிற்கும் என் பாதுகாப்பு வளைவின் குறுக்குக் குழாய் அதற்குக் கொஞ்சம் குறைவு. பளபளத்த பவுடர் கோட்டிங்கைச் சுரண்டி, புதிய குழாயைப் பற்றவைத்து, தூரிகையால் பெயின்ட் அடித்தேன். பின்பக்கப் பனிவிளக்கு ஒன்றே ஒன்று என்றால் நடுவிலோ வலப்பக்கமோதான் இருக்கலாம். பிரேக் எண்ணெய் குறைந்தால் எரியும் விளக்கு, எண்ணெய்க் கிண்ணத்தைத் திறக்காமலே சோதிக்கும்படி இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் தாங்கி வேண்டும், தாங்கிக்கு வெல்டு வேண்டும், ஒவ்வொரு வெல்டுக்கும் ஒரு கை அகலப் பவுடர் போகும். மொத்த வண்டியையும் ஒருமுறை பெயின்ட் இல்லாமலே பூட்டி, விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடி, கையேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் வண்டியைச் சுற்றி வந்த பிறகு பிரித்து அனுப்பியிருந்தால் அந்த 200 பவுண்டுக்கு முழு மதிப்பு கிடைத்திருக்கும்.

எஞ்சின் எந்த ஆண்டு தயாரிப்பு என்பதற்குச் சான்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்; புகை அளவின் வரம்பு அதைப் பொறுத்தது. காகிதம் இல்லையென்றால் புது எஞ்சினின் கடுமையான வரம்பு வந்து உட்காரும்.

சோதனை நாளில் வண்டியை டிரெய்லரில் கொண்டுபோனேன். பரிசோதகர் நிதானமானவர்; கையில் டார்ச்சும் ஆரம் அளக்கும் தகடும். பிரேக் உருளைகளில் நான் பயந்த இடம், பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன்னே பூட்டிக்கொள்ளுமா என்பது. தேறியது. சத்தம் 99 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், 97 வந்தது. வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, அதிலும் குறையில்லை. தோற்றது சில்லறைகளில். டாஷ்போர்டின் கீழ்விளிம்பு ஓரிடத்தில் கூர்மை, பின்பக்கம் ஒரு பிரேக் குழாய்க்குப் பிடிப்பான் தூரமாக இருக்கிறது, கண்ணாடி ஒன்றின் தாங்கி ஆரம் போதவில்லை. எழுதிய தாளோடு திரும்பி, ஒரு மாலையில் சரிசெய்து, மறுசோதனையில் சான்று வாங்கினேன்.

கணக்கு

டோனர் விற்பனையைக் கழித்து மொத்தம் ஏறக்குறைய 4,900 பவுண்டு. சோதனை, மறுசோதனை, பதிவுக் கட்டணம் மட்டும் 600. மூக்கும் சக்கர மறைப்புகளும் 420. டயர் 220, சைலன்சர் வகை 210, பெட்ரோல் தொட்டி 160. என்னைத் திடுக்கிட வைத்த வரி நட்டு, போல்ட், வாஷர், பிடிப்பான்: 340 பவுண்டு. சேஸிஸ் இரும்பைவிட அதிகம். பத்து வேண்டிய இடத்துக்குப் பத்து என்று அவசரத்துக்குக் கடையில் வாங்கியதால் வந்த வினை. எட்டு, பத்து மில்லிமீட்டர் போல்ட்டுகளையும் நைலான் பூட்டு நட்டுகளையும் ஆரம்பத்திலேயே நூறு நூறாக வாங்கினால் பாதியில் முடியும்.

நேரத்தைப் பொறுத்தவரை, பற்றவைப்பது சிறு பங்கு. தாங்கிகள் அதைவிடப் பெரிது: விளக்குக்கு, ஃபியூஸ் பெட்டிக்கு, கைப்பிரேக் கேபிளுக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு. எந்த வரைபடத்திலும் இவை இல்லை. அட்டைப்பெட்டியை வெட்டி மாதிரி செய்து, தகட்டில் வரைந்து, அறுத்து, ராவி, வளைத்து, துளையிட்டு, பிறகு அது ஸ்பேனரை மறிக்கிறது என்று கண்டு இன்னொன்று செய்வது. ஒரு தாங்கிக்கு ஒரு மாலை என்று வைத்துக்கொண்டால் கணக்கு தப்பாது.

இப்போது 580 கிலோவும் சொச்சமும் நிறுக்கிறது; எஞ்சின் 115 குதிரைத்திறன். முதல் 100 மைலுக்குப் பின் எல்லா போல்ட்டுகளையும் திரும்ப முறுக்கிப் பார்த்தேன். இறுக்கியபோது பெயின்ட் பேனாவால் போட்டிருந்த கோடு இரண்டு இடங்களில் விலகியிருந்தது; இரண்டும் டிஃபரன்ஷியல் தாங்கியில். பூட்டுத் தகடு போட்டுவிட்டேன். பின் ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது. தனியாக ஓட்டும்போது பின்பக்கம் துள்ளுகிறது. இப்போதிருப்பது ஓர் அங்குலம் அமுங்க 250 பவுண்டு எடை கேட்கும் ஸ்பிரிங், வரும் குளிர்காலத்தில் 180 போட்டுப் பார்க்க வேண்டும். வலது பின்சக்கர மறைப்பில் கல்லடி பட்டு ஒரு கீறல் விழுந்திருக்கிறது, உள்பக்கம் கண்ணாடியிழைப் பாய் ஒட்ட வேண்டும். மழைக்கு என்ன செய்வது என்று மனைவி கேட்கிறாள். கூரைத் துணிக்கு அளவெடுக்க ஆரம்பித்திருக்கிறேன்.